வீட்டில் இருந்ததை வைத்தே

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரஸ்ஸல் போன் செய்தபோது, டோரீன் பின்கட்டில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். கோடை முழுக்கத் தம்பியிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. அவன் ஹார்ட்ஃபோர்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் நல்ல வேலையில் இருந்தான். அவள் வெர்மான்ட் மலையில், இருவரும் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே இருந்தாள். நடுவில் மூன்று மணி நேரக் கார்ப் பயணம்தான். ஆனாலும் அவன் வருவது அபூர்வம்.

சுற்றி வளைத்து நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். முன்னறையில் விறகு எரிக்கும் கணப்பின் மேல் பலகையை இந்த இலையுதிர் காலத்துக்கு அவள் அலங்கரிக்க வேண்டும். அதை நல்லதாகப் படம் எடுத்துப் பெரிதாக்கித் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறானாம். மனைவி கிம்பர்லிக்கும் ஆசையாம். படம் எடுக்க ஓர் ஆளையும் அனுப்பி வைப்பானாம்.

"அம்மா வைப்பாங்கல்ல, அதே மாதிரி வை டோரி. வீட்ல இருக்கறத வச்சே பண்ணு. கடையில ஒண்ணும் வாங்காத. வாங்கினா அம்மா வச்ச மாதிரி இருக்காது."

டோரீன் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். அம்மா போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அதன்பிறகு அவள் அந்தப் பலகையைத் தூசி தட்டியதோடு சரி. தன் ஒருத்திக்காக அதில் என்ன வைப்பது என்று விட்டுவிட்டாள். இவன் இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பான் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

டோரீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர் ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு சமயம் பேச்சு வந்தது, அந்த வருஷம்தான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி, மதியம் பள்ளியிலிருந்து ஓடி வந்து சாப்பாடு ஊட்டி, மறுபடி ஓடி என்றே போயிற்று. அம்மா இறந்த பிறகு உயிலைப் பிரித்தபோது வீடு ரஸ்ஸல் பெயரில் இருந்தது. அப்பா இருந்த காலத்தில், பெண் எப்படியும் கட்டிக்கொண்டு போய்விடுவாள் என்ற எண்ணத்தில் எழுதியது. அதை யாரும் மாற்றவில்லை. ரஸ்ஸல் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சர்ச் கூடத்தில் சாவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த எல்லார் எதிரிலும் அக்காவின் தோளில் கை போட்டு, பேப்பரில்தான் தன் பெயர், வீடு அவளுடையது, அவள் இருக்கும்வரை அங்கே இருப்பாள் என்று சொன்னான். பாதிரியார்கூடத் தலையாட்டினார். எழுதி வாங்க வேண்டும் என்று டோரீனுக்குத் தோன்றவே இல்லை. தம்பியிடம் போய் யார் எழுதி வாங்குவார்கள்?

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் மச்சில் ஏறினாள். மேப்பிள் மரத்தில் சாறு பிடிக்கத் தொங்கவிடும் பழைய தகர வாளிகள் இரண்டு கிடைத்தன. ஒன்று நசுங்கியிருந்தது. அந்த நசுங்கல்தான் அழகாக இருந்தது, அதையே எடுத்துக்கொண்டாள். தாத்தா காலத்து மருந்துக் குப்பிகள், தேன் நிறத்தில், ஏழு. வினிகரும் அரிசியும் போட்டுக் குலுக்கிக் கழுவி ஜன்னலில் வைத்ததும் அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம் சிதறியது. கூடத்து அலமாரியில் இருந்த தடிப் புத்தகங்களின் பளபள உறைகளை உருவிவிட்டு, உள்ளே இருந்த பழுப்பு அட்டை தெரிகிற மாதிரி படுக்கவைத்து அடுக்கினாள். ஒரு பக்கம் உயரம் வேண்டுமே, அதற்கு அதுதான் வழி. வேலியோரம் காய்ந்து நின்ற ஹைட்ரேஞ்சாப் பூக்கொத்துகளை வெட்டி வாளியில் செருகினாள். தோட்டத்தில் பிந்திக் காய்த்த, உள்ளங்கை அளவுக்கு மேல் வளராத பூசணிகளைப் புத்தகங்களின் மேல் வைத்தாள். பலகையின் நடுவில் அம்மாவின் நீலப் பால்கூஜா, அதன் இரு பக்கமும் பித்தளை மெழுகுவத்தித் தண்டு ஒவ்வொன்று.

பக்கத்து வீட்டு இர்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுபது வயது, வாய் சும்மா இருக்காது. இரண்டு பித்தளை மெழுகுவத்தித் தண்டும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நிற்பதைப் பார்த்து, "சவப்பெட்டிக்கு ரெண்டு பக்கமும் வக்கிற மாதிரி இருக்குடி. ஒண்ண நவுத்து" என்றாள். டோரீன் சிரித்துக்கொண்டே இரண்டையும் ஒரே பக்கம் தள்ளி, ஒன்றின் அடியில் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள். உடனே எல்லாமே உயிர் பெற்றதுபோல் இருந்தது. பாட்டியின் கிழிந்த ஒட்டுத்துணிப் போர்வையில் நல்லதாக மிஞ்சியிருந்த ஓர் ஓரத்தைப் பலகையின் விளிம்பில் சரியவிட்டாள். மூன்று மாலை பிடித்தது. நான்காம் நாள் அறைக்கு வெளியே போய், விருந்தாளி மாதிரி உள்ளே நுழைந்து பார்த்தாள். அழுகை வந்தது, நல்ல அழுகைதான்.

படம் எடுப்பவர் வியாழக்கிழமை வந்தார். நடுத்தர வயது, அமைதியான மனிதர். கணப்பில் தீ மூட்டச் சொன்னார், நாற்காலி ஒன்றை நகர்த்தினார், பலகையைப் பதினைந்து இருபது கோணத்தில் எடுத்தார். பிறகு சமையலறையையும் எடுக்கலாமா என்று கேட்டார். அப்புறம் குளியலறை, மாடி அறைகள், நிலவறையில் இருந்த சூடேற்றும் இயந்திரம். ஒரு சின்னக் கருவியால் சுவருக்குச் சுவர் அளந்தும் குறித்துக்கொண்டார். சூடேற்றும் இயந்திரத்தைக் கூடத்தில் மாட்டப்போகிறானா என்று டோரீனுக்குள் ஒரு கணம் கேள்வி எழுந்தது. கேட்டதற்கு அவர், எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னார். ரஸ்ஸலுக்குச் சின்ன வயது ஞாபகங்கள் எல்லாமே வேண்டும்போலிருக்கிறது என்று அவளே ஒரு சமாதானம் செய்துகொண்டாள். அவருக்கு ஆப்பிள் சாறும் சூடான டோநட்டும் கொடுத்து, வழிக்கும் நான்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

பன்னிரண்டு நாள் போயிற்று. பள்ளிச் சமையலறையில் அவள் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும் நோரா வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள்.

"வீட்ட விக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லலையே டோரீன். ஊரை விட்டே போறியா?"

எந்த வீடு என்றாள் டோரீன். நோரா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, வீடு விற்கும் விளம்பரம் ஒன்றைத் திறந்து போனை நீட்டினாள்.

முதல் படமே கணப்புப் பலகைதான். தகர வாளி, தேன் நிறக் குப்பிகள், நீலக் கூஜா, கீழே அவள் மூட்டிய தீ. அதன் கீழே எழுதியிருந்தது: நூற்றுப் பத்து வருஷ மலை வீடு, அசல் செங்கல் கணப்பு, குடும்பத்தின் கதகதப்பு குறையாதது, நவம்பர் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முன் காலியாகிவிடும். அடுத்தடுத்துத் தள்ளினால் சமையலறை, குளியலறை, அவளுடைய படுக்கை அறை. அவள் விரித்த படுக்கை. டோரீன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்த கேரட்டையும் நறுக்கி முடித்தாள். முந்நூறு பிள்ளைகள் பதினொன்றரைக்கு வந்துவிடுவார்கள்.

சாயங்காலம் போன் செய்தபோது ரஸ்ஸல் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை கிம்பர்லி எடுத்தாள். ரஸ்ஸல் நேரில் வந்து சொல்ல நினைத்திருந்தானாம், ஏஜென்ட் அவசரப்பட்டுப் போட்டுவிட்டாளாம். டோரீன் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: பலகையை எதற்கு அலங்கரிக்கச் சொன்னீர்கள்? கிம்பர்லி சற்றுத் தயங்கிவிட்டு, ஆள் குடியிருக்கிற, நெருப்பு எரிகிற வீடாகக் காட்டினால் சீக்கிரம் போகும் என்று ஏஜென்ட் சொன்னதாகச் சொன்னாள். வாடகைக்குச் சாமான் கொண்டுவந்து வைப்பார்களாம், ஆனால் அது செயற்கையாகத் தெரியுமாம். "உங்களுக்குத்தான் அது கை வந்த கலைன்னு ரஸ்ஸல் சொன்னாரு" என்றாள், பாராட்டுவதுபோல.

அன்று டோரீன் முன்னறைக்குப் போகவே இல்லை. வீடு போகிறது என்பதுகூட இன்னும் உள்ளே இறங்கவில்லை. மூன்று மாலையும் அவள் பாடிக்கொண்டே செய்த வேலை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. தன்னை வெளியே அனுப்பத் தன் கையாலேயே தோரணம் கட்ட வைத்துவிட்டான். அம்மா பெயரைச் சொன்னால் அவள் மறுக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஊரில் இருந்த வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பேப்பர் அவன் பக்கம் தெளிவாக இருக்கிறது என்றார். சர்ச் கூடத்தில் சொன்னதை நாற்பது பேர் கேட்டிருந்தாலும் அது பேச்சுதான். சில வாரங்கள் இழுக்கலாம், அதற்கு மேல் முடியாது. இழுக்க வேண்டாம் என்று டோரீன் எழுந்துவிட்டாள்.

சனிக்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். முந்தின நாள் ரஸ்ஸல் செய்தி அனுப்பியிருந்தான்: பத்து மணியிலிருந்து மதியம் வரை வெளியே இருந்தால் நல்லது, பிறகு உட்கார்ந்து எல்லாம் பேசலாம். டோரீன் போவதாகத்தான் இருந்தாள். கோட்டு மாட்டிக்கொண்டு, சமையலறையை ஒட்டிய சரக்கறையில் பூட்ஸ் தேடிக்கொண்டிருந்தபோது அவர்கள் முன்வாசலால் உள்ளே வந்துவிட்டார்கள். ரஸ்ஸல், ஏஜென்ட் மிஸஸ் ஸ்டோடார்ட், நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. சரக்கறைக் கதவு பாதி திறந்திருந்தது. அந்த மனைவி நேராகக் கணப்புக்குத்தான் போனாள். படத்தில் பார்த்ததைவிட நேரில் அழகாக இருக்கிறது, இதைப் பார்த்துத்தான் வந்தோம் என்றாள். இந்தச் சாமான்களும் வீட்டோடு வருமா என்று கேட்டாள்.

ரஸ்ஸல் சிரித்தான். "எடுத்துக்குங்களேன். எல்லாம் மச்சில கெடந்த பழசுதான்."

"யாரு இவ்ளோ அழகா வச்சது?"

"எங்கம்மாவப் பாத்துக்கிட்ட அம்மா ஒருத்தங்க. இன்னும் இங்கதான் இருக்காங்க. வேற எடம் பாத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

டோரீன் ஒரு கால் பூட்ஸுடன் நின்றாள். இத்தனை நாளும் அவன் செய்ததற்கெல்லாம் உள்ளுக்குள் ஒரு காரணம் தேடிக்கொண்டுதான் இருந்தாள். அவன் பெண் காலேஜ் போகிறாள், கிம்பர்லி நெருக்கியிருப்பாள், நேரில் சொல்ல அவனுக்குக் கூச்சம். இப்போது எதையும் தேடத் தோன்றவில்லை. இன்னொரு பூட்ஸையும் மாட்டிக்கொண்டு, மூலையில் இருந்த ஆப்பிள் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

ரஸ்ஸலின் முகம் வெளுத்தது. டோரீன் அவனைப் பார்க்கவில்லை. வந்திருந்தவர்களிடம், "நான் டோரீன் பெல்கி. இவனோட அக்கா. மன்னிச்சுக்குங்க, இதெல்லாம் வீட்டோட வராது. வீடு அவனோடது. இது என்னோடது" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தாள். அவசரப்படவில்லை. கூஜாவைப் போர்வைத் துணியில் சுற்றினாள். குப்பிகள் ஒன்றோடொன்று மோதாதபடி இடையில் காய்ந்த பூக்களைக் கொடுத்தாள். மிஸஸ் ஸ்டோடார்ட் தணிந்த குரலில், இன்று ஒருநாள் மட்டும் இருக்கட்டுமே என்றாள். டோரீன் மெழுகுவத்தித் தண்டுகளையும் எடுத்து வைத்தாள். நியூ ஜெர்சிக்காரன் ஜன்னல் வழியே மலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அவன் மனைவி மட்டும் கிட்டே வந்து, புத்தகங்களை இறக்கிக் கொடுத்தாள். எங்களுக்குத் தெரியாது என்றாள் மெதுவாக. தெரியும், உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்றாள் டோரீன்.

அவர்கள் போன பிறகு ரஸ்ஸல் வெறும் பலகைக்கு முன்னால் நின்றான். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அக்கா என்று சொன்னால் வாங்குகிறவர்கள் பின்வாங்குவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தாள் என்றான். ரட்லண்ட் நகரத்தில் அவளுக்கு ஓர் அறைகூடப் பார்த்து வைத்திருக்கிறானாம், நல்ல இடமாம்.

"பதினோரு வருஷம்," என்றாள் டோரீன். "நீ ஒரு தடவ அவங்களக் குளிப்பாட்டியிருக்கியா ரஸ்ஸல்? அத நான் இதுவர கேட்டதில்ல. இப்பவும் கணக்குக்காகக் கேக்கல. அக்கான்னு சொல்லியிருந்தா நான் அந்தக் கதவ மெதுவா சாத்திக்கிட்டு வெளிய போயிருப்பேன்."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அழுதானோ என்னவோ. அவள் நின்று பார்க்கவில்லை.

நியூ ஜெர்சிக்காரர்கள் வாங்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். வீட்டை நேரில் பார்க்கக்கூட இல்லை, படத்தைப் பார்த்தே பேசி முடித்தார்களாம். ரஸ்ஸல் வாடகை லாரியுடன் வந்த சனிக்கிழமை, வீட்டில் டோரீனின் சாமான் எதுவும் இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் மூன்று பேர் வியாழனன்றே எல்லாவற்றையும் தபால் அலுவலகத்துக்கு மேலே இருந்த இரண்டு அறைகளுக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். அங்கே கணப்பு கிடையாது. சுவரோரம் அறையைச் சூடேற்றும் ஒரு நீராவிக் குழாய், ராத்திரியெல்லாம் தட்டிக்கொண்டே இருக்கும்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள் அவன் போன் செய்தான். அவள் சர்ச் கூடத்தில் நாளைய விருந்துக்காக உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தோள்பட்டைக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டாள். ஹார்ட்ஃபோர்டுக்கு வரச் சொன்னான். அவளுக்கென்று ஓர் அறை தயார் செய்திருக்கிறார்களாம். இங்கே நூறு பேருக்குச் சமைக்க வேண்டும், முடியாது என்றாள்.

"இன்னும் கோவமா இருக்க" என்றான்.

"கோவம் இருந்தா தேவலையே ரஸ்ஸல். திட்டிட்டு வந்து சாப்பிட்டிருப்பேன்."

எதிரே இர்மா கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். டோரீன் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.