கட்டத்துக்குள் பன்னிரண்டு விரல்கள்

விடியற்காலை ஐந்தரைக்கே விசைப்பலகைகள் ஆலங்கட்டி மழையாகக் கொட்டத் தொடங்கிவிட்டன.

ஜன்னல் இல்லாத கூடம். பன்னிரண்டு பெண்கள். எக்செல் பட்டியலில் ஒரு நோயாளியின் வரியைப் பார், வேர்டில் கடிதத்தைத் திற, பெயர், மருந்து, மறுபடி வரவேண்டிய தேதி, சேமி, மூடு, அடுத்தது. ஆஸ்பத்திரிகள் கதவு திறப்பதற்குள் எண்ணூறு கடிதங்கள் போயாக வேண்டும்.

'அவசரம்' என்று பட்டப்பெயர் வாங்கியவளின் விசைப்பலகை மட்டும் ஊமையாக இருந்தது. அவள் திரையில் எக்செல் தானே இறங்கியது. வேர்டு தானே திறந்து, நிரம்பி, மூடியது. பைத்தானில் நாற்பது வரி. இந்த மென்பொருள்கள் வெளியிலிருந்து கட்டளை வாங்க ஒரு கதவு வைத்திருக்கின்றன. காம் என்று அதற்குப் பெயர். அதைத் தட்டத் தெரிந்தால் விரல் படாமல் வேலை நடக்கும். மணிக்கட்டு வீங்கிப்போய், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதியிருந்தாள்.

முந்தாநாள் முதலாளி அதைப் பார்த்துவிட்டார். வந்தது வினை. எல்லாக் கணினியிலும் அதை ஏற்றச் சொன்னார்; இன்றைய கடிதங்கள் போனதும் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. "இனி மூணு பேர் போதும்" என்றார்.

பக்கத்து இருக்கையில் வாய் ஓயாத 'ரேடியோ' அக்கா தட்டிக்கொண்டே பேசினாள். அவள் வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது மட்டும்தான்.

"தன் கையால தன் கண்ணைக் குத்திக்கிட்டவங்களைப் பாத்திருக்கேன். பக்கத்து சீட்டுக் கண்ணையும் சேத்துக் குத்தினவ நீதாண்டி."

"சத்தியமா கைவலிக்குத்தான் எழுதினேன்க்கா."

"எங்களுக்கெல்லாம் என்ன, மரக்கையா?"

அவசரம் தன் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தாள். எழுதியபோது ஒருத்தியிடமாவது காட்டியிருக்கலாம்.

எட்டு மணி. கடிதங்கள் போய்ச் சேர்ந்திருந்தன. முதலாளி உள்ளே வந்தார்.

"நாளைக்கான பட்டியலைத் திறங்க. அவசரம், எல்லாத்துலயும் ஓட விடு. யார் கிளம்பணும்னு அப்புறம் சொல்றேன்."

வரிசையாகப் போய் ஓட விட்டாள். முதல் திரையில் சிவப்பு எழுத்து: அழைப்பு நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது, அதே. மூன்றாவது, அதே. பதினொன்றும் படுத்துவிட்டன. அவளுடையது மட்டும் குதிரையாக ஓடியது.

குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு பட்டியலிலும் ஏதோ ஒரு கட்டத்துக்குள் பாதி எழுத்து. பக்கத்தில் துடிக்கும் கோடு. ஒரு மனிதக் கை கட்டத்துக்குள் எழுதிக்கொண்டிருக்கும்வரை எக்செல் வேறு யாருக்கும் கதவு திறக்காது. நேற்று படிக்கட்டில், யாராவது இரங்க மாட்டார்களா என்று அவளே புலம்பியிருந்தாள்: 'தெரியாம கட்டத்துக்குள்ள கை வெச்சேன், மொத்தமும் நின்னுபோச்சு.' ஒருத்தியும் 'உச்' கொட்டவில்லை. ஆனால் கேட்டிருக்கிறார்கள்!

முதலாளி அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"உன்னோடது ஓடுதே! அப்ப இவங்கதான் ஏதோ பண்றாங்க. என்னன்னு சொல்லு. இன்னிலேர்ந்து நீதான் சூப்பர்வைசர்."

ஒருத்தியும் அவளைப் பார்க்கவில்லை. அதுதான் சுட்டது.

விறுவிறுவென்று தன் இடத்துக்குப் போனாள். ஒரு கட்டத்தை இருமுறை சொடுக்கினாள். ஒரே ஓர் எழுத்தைத் தட்டிக் கையை எடுத்தாள். குதிரை நின்றது.

"பன்னண்டு" என்றாள் ரேடியோ அக்கா.

"திமிரா?" முதலாளியின் குரல் உயர்ந்தது.

"இதை எழுதினது நான் சார். வேணாங்கல, ஓடட்டும். எல்லாக் கைக்கும் வலி குறையட்டும். ஆனா பன்னண்டு பேரும் இருக்கணும். தேதி மாறிப்போனா நோயாளிக்கு யார் பதில் சொல்றது? ஒவ்வொரு கடிதத்தையும் படிச்சுப் பாக்க ஆள் வேணும்."

"உன்னை மாதிரி ஆயிரம் பேர் கிடைப்பாங்க. இதோ, இப்பவே வேற புரோகிராமரைக் கூட்டிட்டு வரேன்."

"தாராளமா!" என்றாள் ரேடியோ அக்கா. "உக்கார எடம் போட்டு வைக்கிறோம்."

முதலாளி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். பூட்டுவாரா, போலீசைக் கூப்பிடுவாரா, யாருக்கும் தெரியாது. ரேடியோ அக்கா மூலையில் கிடந்த நாற்காலியைத் துடைத்து நடுவில் போட்டாள்.

"வர்றவனுக்கும் ரெண்டு கை இருக்கும்ல? மொதல்ல நீ பேசு. உன் பாஷை அவனுக்குப் புரியும்."

"அவசரப்படாம பேசுடி!" என்று ஒருத்தி கத்தினாள். கூடமே சிரித்தது.

பன்னிரண்டு பேரும் அந்த வெற்று நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஒருத்தியும் இடத்துக்கு ஓடவில்லை.