கச்சான் காற்றில் ஒரு சோதனை

நான்தான் பிழைவிட்டிருப்பேன். சேமிக்காமல் மூடியிருப்பேன். இல்லை, சேமித்தேன். அல்லது சேமித்ததாக நினைக்கிறேனா? அம்மா கண்மூடிய பிறகு என் தலையை நானே நம்புவதில்லையே.

இப்படி எண்ணியபடியே பிரசாந்தினி கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கலியாண அல்பத்தில் மணமகளின் முகத்துக்குக் குறுக்கே பச்சைக் கோடுகள். ஸ்டூடியோக்காரர் லாபிர் கொடுத்த வேலை. இப்படிக் கெட்டுப்போனது இது முதல் அல்பமும் அல்ல.

ஒவ்வொரு முறையும் கணவன் சிந்துஜன் ஒரே பதிலைச் சொல்வான். "கொம்பியூட்டர் பிழைவிடாது. உமக்குத்தான் இப்ப ஒண்டும் நினைவில நிக்கிறேல்ல." அன்போடுதான் சொல்வான். அதனால்தான் அவள் அதை நம்பினாள். அடுப்பை அணைத்தேனா என்று குசினிக்குத் திரும்பத் திரும்பப் போனாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தன் சொல்லில் சந்தேகம் வந்து நிறுத்திவிடுவாள்.

மாரி மழையில்தான் அவன் கணினியின் ராம் நினைவகத்தை, கொம்பனி குறித்த வேகத்துக்கு மேலே ஏற்றினான். இரவு முழுக்க நினைவகச் சோதனை ஓடியது. ஒரு பிழையும் இல்லை. அந்தப் பெருமையில் லாபிரின் ஸ்டூடியோக் கணினிகளையும் அப்படியே ஏற்றிக்கொடுத்தான்.

இப்போது கச்சான் காற்று. தரைப்பக்கமிருந்து வெக்கை வந்து யன்னல் சீலையை ஊதியது. கணினிப் பெட்டியில் கை வைத்தவள் சட்டென்று எடுத்தாள். சோதித்தது மழைக் குளிரில் அல்லவா? வேகம் கூட்டிய நினைவகம் சூட்டில் பிழைவிட்டால், சேமிக்கிற படமும் கெடுமே.

உச்சி வெயிலில், அதே சோதனையை ஓடவிட்டாள். முதலில் பிழையைக் காட்டும் ஒரு சிவப்பு வரி. பிறகு திரை நிறைய. வேகத்தைப் பழையபடி குறைத்து, அதே வெக்கையில் மறுபடி ஓடவிட்டாள். ஒரு சிவப்பும் வரவில்லை.

மகிழ்ச்சி வரவில்லை. இத்தனை மாதம் தன்னைத் தானே விட்டுக்கொடுத்திருந்தாள் என்பது மட்டும் நெஞ்சில் கனத்தது.

பின்னேரம் துறைமுக வேலையால் வந்த சிந்துஜனிடம், அந்தச் சிவப்பு வரிகளைப் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள்.

"பொலிஸ் மாதிரிக் காவல் இருந்து பிடிச்சனீரோ?" என்று சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டு கதிரையில் உட்கார்ந்தான்.

"லாபிர் நானாட கடையிலயும் படங்கள் உடையுதாம். அங்க வேலை செய்யிற சுஹைரா எண்ட பிள்ளையைத்தான் கவனமில்லை எண்டு ஏசுறாராம்," என்றான்.

"அப்ப உண்மையைச் சொல்லுங்கோவன்."

"சொன்னா என்னை ஆர் மதிப்பான்? நான் ஒரு நாளைக்குப் போய்ச் சத்தமில்லாமல் குறைச்சு விடுறன். இந்த அல்பம் மட்டும் நீர் தவறி அழிச்சுப்போட்டதெண்டு சொல்லும். உமக்கு மறதியெண்டு அவருக்குத் தெரியும்தானே."

"ஆர் அவருக்குச் சொன்னது?"

வெளியே துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அவன் கையிலிருந்த போன் அதிர்ந்தது. லாபிரின் பெயர். அவன் அதை அவளிடம் நீட்டினான்.

"ஒருக்காச் சொல்லுமன், பிரசா."

அவள் போனை வாங்கவில்லை.

"ஏலாது," என்றாள் மெதுவாக. "நான் சேமிச்சனான்."

போன் அதிர்ந்துகொண்டேயிருந்தது. அவள் திரைப் பக்கம் திரும்பி, கெட்ட அல்பத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.