ஒருநாள் வேலைக்குப் போய் வந்தவர்கள்

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டோரக் கம்பிகளில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பது ஞானசுந்தரிக்கு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருக்கும்போதே தெரியும். இருந்தால் இடது கை சுண்டுவிரல் மெல்ல முனகும். நின்றுவிட்டால் விரலும் அடங்கிவிடும். அவள் புருஷன் ஏசுதாசுக்குப் பாதங்கள் காய்வதில்லை. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்தாலும் பின்னால் ஈரத் தடம் விழுந்துகொண்டே வரும். இரண்டுமே ஆவணி மாதத்தில் அவர்கள் ஒருவர் வேலைக்கு ஒருவர் ஒருநாள் போய் வந்ததால் ஏற்பட்டவை.

ஏசுதாஸ் மின்கம்ப வேலையில் காண்ட்ராக்ட் ஆள். லைன்மேன் பாண்டுரங்கனோடு போவான். கீழே நிற்பது அவர், மேலே ஏறுவது இவன். ஞானசுந்தரி நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போகிறவள். கல்யாணமான ஒன்பது வருஷமும் அவள் பயந்துகொண்டேதான் நட்டாள். எங்கோ ஒரு காக்கா கம்பியில் அடிபட்டு விழுந்தது என்று கேள்விப்பட்டால் போதும், சேற்றுக் கையோடு வரப்பேறி அவனுக்கு போன் போடுவாள். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. கடைசியில் ஒருநாள் சோற்றில் கை வைத்தபடி அவன் கத்திவிட்டான்.

"கம்பத்து மேல கீறப்போ ஜோபில அது அதிருது. எனக்கு தூக்கிவாரிப் போடுது. நீயே என்னக் கீழ தள்ளிடுவ போலகீது."

"நான் இன்னா பண்றது? கை இங்க நட்டுக்கினு கீது, நெனப்பு அங்க கீது."

"ஒருநாள் வந்து பாரு. பாத்தா பயம் பூடும்."

"அப்ப நீயும் ஒருநாள் வயல்ல எறங்கு. குனிஞ்சி எழறது இன்னான்னு உனக்கும் தெரியட்டும்."

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை அவள் அவனோடு போனாள். பாண்டுரங்கன் டிரான்ஸ்பார்மரில் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது அவர் பையில் இருக்கும்வரை யாரும் கரண்ட் விட முடியாது என்று அவளுக்கு விளக்கினார். அவள் கயிற்றில் கட்டிங் பிளேயர் கட்டி மேலே அனுப்பினாள், வெட்டிய புங்கங்கிளைகளை இழுத்துப் போட்டாள், சாயங்காலம் அறுந்து கிடந்த கம்பியை மூன்று பேருமாக இழுத்துப் பிடித்தார்கள். வேலை முடிந்து பாண்டுரங்கன் அரை கிலோமீட்டர் தள்ளிப்போய் பீஸைச் சொருகியபோது அவள் சுண்டுவிரல் முதல் தடவையாக முனகியது. வியாழக்கிழமை அவன் வயலில் இறங்கினான். மதியத்துக்குள் நிமிர முடியாமல் வரப்பில் படுத்துவிட்டான், பெண்கள் சிரித்தார்கள். இரவு பாதங்களைத் துடைத்தான். மறுபடி நனைந்தது. டாக்டர் பவுடர் கொடுத்தார், பாண்டுரங்கன் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார். சாயங்காலம் கழற்றினால் ஒவ்வொன்றிலும் அரைச் சொம்பு வயல் தண்ணீர் இருந்தது. ஒரு தடவை கெளுத்திக் குஞ்சு ஒன்றும் இருந்தது.

பார்த்தால் பயம் போகும் என்று அவன் சொன்னது நடக்கவில்லை. முன்பு அவளுக்குப் பயம் மட்டும் இருந்தது, இப்போது தகவலும் வந்தது. ஈரக்காலோடு ஒருவன் கம்பத்தில் நிற்கிறான் என்பது விரல் அடங்கும்போதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. விரல் மறுபடி முனகும்போது அவன் இறங்கிவிட்டானா என்பது தெரியவில்லை. வேலையை விட்டுவிடச் சொன்னாள். விட்டால் அந்த இடத்துக்குப் பத்துப் பேர் நிற்பார்கள் என்றான். அதுவும் உண்மைதான்.

தை மாதம், ஒரு முகூர்த்த நாள். காலை பத்து மணிக்கு விரல் அடங்கியது. பதினொன்றரைக்கு முனகத் தொடங்கியது. டிரான்ஸ்பார்மர் இருக்கும் கிழக்கிலிருந்து வரவேண்டியது மேற்கிலிருந்து வந்தது. ஞானசுந்தரி நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டு இடது கையை மணிக்கட்டுவரை சேற்றில் புதைத்து, விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். கரண்ட் அவளைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்றது. வயல் தண்ணீர் சுட்டது. தவளைகள் வரப்பில் குதித்தன. கூட நட்ட பெண்கள் முழங்கால்வரை விறுவிறுவென்று ஏறுகிறதென்று கத்திக்கொண்டு கரையேறினார்கள். வலது கையால் மடியிலிருந்த போனை எடுத்துப் பாண்டுரங்கனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவர எறக்குங்க! கரண்ட் வருது!"

"பீஸு என் ஜோபில கீதும்மா. எப்டி வரும்?"

"மேற்கால இருந்து வருதுண்ணா! நான் புட்ச்சிக்கினு கீறேன். ரொம்ப நேரம் முடியாது, எறக்குங்கண்ணா!"

மேற்கே ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. பாண்டுரங்கன் காதைத் திருப்பினார். ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. கரண்ட் நின்றதும் மண்டபத்துக்காரர்கள் மெயின் சுவிட்சை அணைக்காமலேயே அதைப் போட்டிருந்தார்கள், ஜெனரேட்டர் கரண்ட் கம்பியில் ஏறி வந்துகொண்டிருந்தது. ஏசுதாஸ் அப்போது அந்தக் கம்பியை வெறுங்கையால் பிடித்திருந்தான். பாண்டுரங்கன் போட்ட சத்தத்தில் கையை விட்டான். அவன் கீழே வந்து சேர நான்கு நிமிஷம் ஆனது. "எறங்கிட்டான்மா" என்று போனில் கேட்டபிறகுதான் அவள் விரலை நீட்டினாள். கம்பி மேலே படபடவென்று பொறி தள்ளியது. அந்த இடத்துச் சேறு அவள் மணிக்கட்டைச் சுற்றி செங்கல்லாக வெந்திருந்தது. கடப்பாரையால் தட்டி உடைத்துக் கையை எடுத்தார்கள்.

ஏசுதாஸ் ஓடி வந்தான். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வலிக்குதா?"

"நாளைக்கும் ஏறுவியா?"

"ஏறித்தானே ஆவணும்."

அவள் நல்ல கையால் அவன் தோளில் ஓங்கி அடித்தாள், பிறகு அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு அழுதாள். மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தி தடையில்லாமல் நடந்தது. அன்று நட்ட பாத்தி நாற்பது நாளில் கதிர் முற்றியது. மற்ற நெல்லின் விலைக்கே அதுவும் போனது.

இப்போது சுற்றுவட்டாரத்தில் கம்பம் ஏறுகிறவர்கள் எல்லோரும் பீஸைப் பிடுங்கி, பிறகு ஞானசுந்தரிக்கு ஒரு போன் போட்டு, அவள் "ஏறுங்க" என்று சொன்னபிறகே ஏறுகிறார்கள். தள்ளியிருக்கும் பெருநகர் கிராமத்துப் பக்கத்திலிருந்துகூடக் கூப்பிடுகிறார்கள். நடவுப் பெண்கள் வரப்பையொட்டிய வரிசையை அவளுக்கு விட்டுவிடுகிறார்கள். அவள் போன் பேசிக்கொண்டு நிற்கும்போது பக்கத்து வரிசைக்காரி அவள் பங்கையும் சேர்த்து நட்டபடி போகிறாள்.