பச்ச ஒடம்புக்கு இசப்கோல்

அந்தப் பொட்டலத்த வாங்கினு போனவன் நான்தான். யாரும் என்ன இன்னும் திட்டல. அதனால நானே திட்டிக்கிறேன்.

என் பொண்டாட்டி பூவாயிக்குத் தலைப்பிரசவம், நெம்மேலியில அவ அம்மா வூட்டுல. நான் செங்கல்பட்டு – மகாபலிபுரம் பஸ்ல கண்டக்டர். ஓய்வு கெடைச்சா போயி எட்டிப் பாப்பேன். தீட்டு வூடு, நான் உள்ள போவக்கூடாது, வாசப்படியோட சரி. புள்ள பொறந்த ஆறாம் நாள் போனப்ப உள்ளேருந்து முனகினா.

"மாமா, அஞ்சு நாளா வெளியவே போவல. வயிறு கல்லாட்டம் கீது."

எப்படிப் போவும்? பச்ச ஒடம்புக்காரின்னு சுட்ட பூண்டு, கருவாடு, காஞ்ச சோறு. தண்ணி மட்டும் நாளைக்கு அரை டம்ளர், அதுவும் வெந்நீரு.

செங்கல்பட்டுல பஸ் நிக்கிற எடத்தாண்ட மார்கரெட்டுன்னு ஒரு நர்சம்மா குடியிருந்தாங்க. கேட்டதும் ஒரு பொட்டலம் இசப்கோல் குடுத்தாங்க. வெள்ளையா உமி மாதிரி, ஊதினா பறந்துடும். "இது தண்ணிய இழுத்து உப்பி கொழகொழன்னு ஆயி, மலத்த எளக்கித் தள்ளும். ஒரு ஸ்பூன ஒரு டம்ளர் தண்ணியில கலக்கி ஒடனே குடிக்கணும். பின்னாலயே இன்னொரு டம்ளர். தண்ணி இல்லாம குடுத்துடாதப்பா, உள்ளயே அடைச்சிக்கும்"னு ரெண்டு தரம் சொன்னாங்க.

பொட்டலத்த நெம்மேலிக்கு எடுத்தாந்து மாமியார் கன்னியம்மாகிட்ட குடுத்து, நானும் ரெண்டு தரம் சொன்னேன். இடுப்புல கைய வச்சிகினு என்ன மேலயும் கீழயும் பாத்துச்சு.

"ரெண்டு டம்ளரா? பச்ச ஒடம்பு தண்ணி குடிச்சா ஜன்னி கண்டுடும். என் தங்கச்சி அப்படித்தான் போய்ச் சேந்தா. ஏழு பெத்தவ நானு. டிக்கெட்டு கிழிக்கிற மருமவன் எனக்குப் பிரசவம் பாக்கக் கத்துத் தராரா? மருந்துன்னா தேன்ல கொழச்சிக் குடுக்க எனக்குத் தெரியும், போ."

"இது அந்த மாதிரி மருந்து இல்ல அத்த..." அவ்ளோதான் வந்துச்சு. பஸ்ல அம்பது பேர அதட்டி உள்ள தள்ளுற வாயி இது. பொண்ணு குடுத்த வூட்டு வாசல்ல ஒட்டிக்கிச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு கெளம்பிட்டேன். அடப்பாவி, கெளம்பிட்டேன்!

நாலு நாள் கழிச்சிப் போனா, வூட்டுக்குள்ள ஓங்கரிக்கிற சத்தம். தீட்டாவது மண்ணாவதுன்னு உள்ள பூந்துட்டேன். பூவாயி வயிறு பானையாட்டம் ஊதிக் கெடக்குது. ஒதடு வெடிச்சி ரத்தம். அந்த இசப்கோல காலையில ஒரு உருண்ட, சாயங்காலம் ஒரு உருண்ட, தேன்ல கொழச்சிக் குடுத்திருக்கு. தண்ணி அதே அரை டம்ளர்தான். மாமியார் மூலையில பேயறைஞ்ச மாதிரி நின்னுகினு இருந்துச்சு. புள்ளைய அது கையில குடுத்து கூடவே வரச்சொல்லி, பூவாயிய மாட்டு வண்டியில மகாபலிபுரம் கொண்டாந்து, எங்க பஸ்லயே ஏத்தினேன். திருக்கழுக்குன்றம் வரைக்கும் "தண்ணி, தண்ணி"ன்னா. அப்புறம் பேச்சில்ல.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில டாக்டரு வயித்த அமுக்கிப் பாத்தாரு, கீழ கொழா வச்சிப் பாத்தாரு, ஒண்ணும் நடக்கல. என்னத் தனியா கூப்ட்டாரு.

"குடல்ல இறுகி அடைச்சிருக்கு. அறுத்துதான் எடுக்கணும். மயக்கம் குடுக்கறப்ப வாந்தி வந்து மூச்சுக்குழாயில போனா உசுரு நிக்காது. அதனால வாயில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. நீ பக்கத்துலயே இரு."

இருந்தேன். கையில நரம்புல ஊசி குத்தி பாட்டில்ல மருந்துத்தண்ணி ஏறினுதான் இருந்துச்சு. ஆனா நாக்குக்கு அது தெரியுமா?

அப்பதான் மாமியார் உள்ள வந்துச்சு. புள்ளைய வெளிய யாருகிட்டயோ குடுத்துட்டு, கையில டம்ளர் வழிய வழியத் தண்ணி. "குடிடி என் கண்ணு. நான்தாண்டி பாவி. வயிறாரக் குடி"ன்னு தேம்பித் தேம்பி அழுவுது. பூவாயி முழங்கைய ஊணி எழுந்துட்டா. எங்கேருந்துதான் தெம்பு வந்துச்சோ. வாயத் தொறந்துட்டா.

நான் டம்ளரப் புடுங்கிட்டேன்.

"டாக்டரு கூடாதுன்னுட்டாரு அத்த. பூவாயி, கொஞ்ச நேரம் பொறுத்துக்கோம்மா, ஆபரேஷன் முடியட்டும்..." என்னென்னவோ சொன்னேன். ஒண்ணும் அவ காதுல ஏறல. கண்ணு டம்ளர் மேலயே இருந்துச்சு.

"அம்மாவே குடுக்குது"ன்னா. "நீ புடுங்கறியா மாமா?"