ஒற்றைக் கிழங்கு

சவப்பெட்டியில் கிடந்த கணவனுக்கு ஆஃப்கே டை கட்டிக்கொண்டிருந்தபோது, மகன் யெல்மர் மரச்செருப்பைக்கூடக் கழற்றாமல் தோட்டத்திலிருந்து ஓடி வந்தான்.

“அம்மா, விரிஞ்சிருச்சு! அப்பாவோட துலிப்!”

“இன்னிக்குத்தானா அந்தச் சனியனுக்கு நேரம் கிடைச்சுது?”

டையை வெடுக்கென்று இழுத்து இறுக்கினாள். ஸீமன் எதிர்ப்புக் காட்டவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவள் கோபத்துக்கு அவன் பதில் சொன்னதில்லை, தோட்டத்துக்குப் போய்விடுவான்.

பிப்ரவரியிலேயே டாக்டர் இதயத்தில் ஆபரேஷன் செய்யச் சொன்னார். “பூக்கட்டும், அப்புறம் படுத்துக்கறேன்” என்றான். ஏழு வருடத்துக்கு முன் ஒரு மஞ்சள் துலிப்பின் மகரந்தத்தை எடுத்து ஓர் ஊதாத் துலிப்பின் சூல்முடியில் தடவி, விதையெடுத்து, நானூறு நாற்று வளர்த்தான். மற்றதெல்லாம் போன வசந்தத்தில் பூத்து, ஒன்றும் தேறாமல் குப்பைக்குப் போனது. மிச்சம் இந்த ஒன்று. அது விரிவதற்கு நான்கு நாள் இருக்கும்போது பாத்தியிலேயே விழுந்து செத்தான். அவளுடைய அம்மாவின் அடக்கத்துக்கே விரலெல்லாம் மகரந்தத்தோடு வந்த மனுஷன்.

“ரயில்வே வேலையை விட்டுடறேன்மா” என்றான் யெல்மர். “மண்ணுக்குள்ள ஒரு கிழங்கு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். இருபது வருஷத்துல வயல் ரொம்பிடும். அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“உன் பொண்டாட்டி? இருபது வருஷமும் ஜன்னல்ல நின்னு உன் முதுகைப் பாத்துக்கிட்டு இருப்பாளா, என்னை மாதிரி?”

“அவளை எதுக்கு இழுக்கற?” முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் காபி போட அடுக்களைக்குப் போனான்.

ஆஃப்கே ஸீமனின் மரச்செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள். தேன்பாகு நிறம், ஓரத்தில் மெல்லிய பச்சை. இப்படியொரு பூவை அவள் பார்த்ததே இல்லை. அழகாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். கிழங்கோடு வந்தது.

அதை உள்ளே கொண்டுபோய் ஸீமனின் கைகளுக்கு அடியில் திணித்து, பெட்டியின் மூடியைத் தூக்கி மேலே வைத்தாள். மூடியின் கடைசித் திருகாணியை முறுக்கும்போது யெல்மர் காபித் தட்டோடு வந்து நின்றான். அவளுடைய கறுப்புச் சட்டையின் கைகளில் முழங்கைவரை ஈரமண்.

“என்னம்மா பண்ணின?”

“உங்கப்பாவுக்குப் பூ வெச்சேன்.”

அவன் வாய் திறப்பதற்குள் பெட்டி தூக்குகிறவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

இடுகாட்டில் பக்கத்து வயல்காரர் பௌக்கே பெட்டியையே உற்றுப் பார்த்தார். மூடியின் இடுக்கில் ஓர் இலைநுனி மாட்டிக்கொண்டிருந்தது. நாற்பது வருடம் துலிப் போட்டவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெட்டி குழிக்குள் இறங்கியதும் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஆழம் அதிகம் ஆஃப்கே. ஒரு சாணுக்குக் கீழே போனா முளைக்காது.”

“தெரியும். அதுக்குத்தான்.”

எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். யெல்மர் கடைசியில் வந்தான். அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தான். அப்படியே எறியாமல், அப்பா பாத்தியில் செய்வதுபோல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து நொறுக்கினான். உள்ளேயிருந்த கல்லைப் பொறுக்கி அப்பால் போட்டான். பிறகு, பொடிப்பொடியான மண்ணை மெதுவாகத் தூவினான்.