மூன்று மீசைக் கெண்டை

1
ஒளிக்காமல் சொல்லிப்போடுறன்: இந்தக் கதை என்ர நகவெட்டியில பிறந்தது.

‘வெள்ளவத்தைக் கால்வாயில் அன்று காலை ஒரு விசித்திர மீன்…’ சீ, வேண்டாம். பேப்பர்ச் செய்தி மாதிரிக் கிடக்கு.

யாழ்ப்பாணத்தில கிணத்துக்குள்ள மீன் விடுவம், நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் எண்டு. அந்தப் பழக்கத்தில எங்கட பிளாட்டின்ர நிலத்தடித் தண்ணித் தாங்கிக்குள்ள ஒரு வெளிநாட்டுக் கெண்டை விட்டனான். பக்கத்து வீட்டு றேணுகாவும் ஒண்டு விட்டவ. என்ரயை அடையாளம் பிடிக்க, அதின்ர நாலு மீசையில ஒண்டை நகவெட்டியால நறுக்கினன். பிறகு டெங்குச் சோதனைக்கு வருகினம், தாங்கிக்குள்ள மீனைக் கண்டால் பேசுவினம் எண்டு பயந்துபோய், இரண்டையும் வாளியில அள்ளிக் கால்வாயில ஊத்தினன். ஒன்பது வருஷமாச்சு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

2
ருஷ்தாவை எப்பிடி எழுதிறது? முதல் பிரதியில வெறும் கெட்டிக்காரியாய் எழுதிக் கிழிச்சுப்போட்டன். மேல்மாடிப் பிள்ளை. களனிக் கம்பஸில மீன் ஆராய்ச்சி. எனக்குக் காய்ச்சலெண்டால் கஞ்சியோட வந்து நிப்பாள்.

“ஆன்ட்டி, கெண்டைக்கு நாலு மீச ஈக்கணும். கால்வாயில, களனி கங்கையில, நான் புடிச்ச எல்லாத்துக்கும் மூணுதான் ஈக்கிது! புது வகைண்டு நாளைக்கு அறிக்கை குடுக்கப் போறன்.”

(மீசையை வெட்டினால் அந்தக் குறை குஞ்சுக்கு வராது. அது எனக்கே தெரியும்.)

அறிக்கை பிழைச்சால் பிள்ளையின்ர பேரும் படிப்பும் நாசம். உண்மையைச் சொல்ல வெக்கமாயிருக்கு.

3
முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன், அவள் சிரிக்கிறாள். (பொய். சிரிக்கமாட்டாள்.)

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொண்டு அவளை அனுப்பி…

அதை எழுத மனம் வரேல்லை. நேற்று நடந்ததையே எழுதிறன்.

“பிள்ளை, அந்த மீசையை நான்தான்…” எண்டு தொடங்கினன். அவள் போனை நீட்டினாள். அண்டைக்குப் பிடிச்ச விரலளவுக் குஞ்சு.

“பாருங்களேன் ஆன்ட்டி, மீச இல்லாத எடம் செவப்பா ஈக்கிது. இதுவும் ஒரு அடையாளந்தான்.”

ஐயோ, அது ரத்தம். புதுசு. சரிவான வெட்டு, என்ர நகவெட்டியின்ர அலகு வளைஞ்சது, அப்பிடித்தான் வெட்டும். தொடங்கினதை விட்டுப்போட்டுப் போனைத் திருப்பிக் குடுத்தன்.

4
இப்ப காலமை எட்டு மணி. கதவு மணி அடிக்குது.

“ஆன்ட்டி, களனிக்குப் போய்ட்டு வாறன்!”

சொல்லத்தான் வேணும். ‘ஒரு மீனைத்தான் வெட்டினனான்’ எண்டால், ‘அப்ப மத்ததெல்லாத்தையும் யார் வெட்டுற?’ எண்டு கேப்பாள்.

நகவெட்டி மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. ஒன்பது வருஷமாய்த் தொடேல்லை. லாச்சிக்குக் கீழ நிலம் ஈரமாயிருக்கு.

கதவை நான் திறந்து சொல்லுறன். லாச்சியை நீங்கள் திறந்து பாருங்கோ.