மூன்று கறுப்பு

சகலை வாங்கியிருந்த பிரிண்டரில் கறுப்பு மை மட்டுமே மூன்று: கறுப்பு, சாம்பல், வெளிர்சாம்பல். அதைக் கேட்டதிலிருந்து ஸ்டூடியோக்காரருக்கு வயிறு எரிந்தது. படம் போட்டுப் பிழைப்பவர் இவர். வங்கியில் வேலை பார்க்கும் சகலைக்கு அது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு.

மறைந்துபோன மாமியாரின் படங்கள் இரண்டை மாமனார் இருவரிடமும் கொடுத்திருந்தார். "ரெண்டு மாப்பிள்ளையும் பெருசாப் போட்டுட்டு வாங்க. கலர் என் ரூமுக்கு, கறுப்பு வெள்ளை கூடத்துக்கு. எது நல்லா இருக்கோ அதை மாட்டிடலாம்."

கலரில் போட்டியே இல்லை. ஸ்டூடியோக்காரரின் தாளில் சிவப்புச் சேலை பளிச்சென்று நின்றது.

"கலர்ல உங்களை அடிச்சுக்க முடியாதுண்ணா," என்று சிரித்தான் சகலை. அந்தச் சிரிப்புதான் இவருக்கு ஆகாது.

கறுப்பு வெள்ளையை டியூப்லைட்டின் கீழ் வைத்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கடை வாசலில் வைத்துப் பார்த்தபோதே இவருக்குத் தெரிந்திருந்தது. இவருடைய பிரிண்டரில் ஒரே கறுப்பு. மற்ற நிறங்களைக் கலந்துதான் அது சாம்பல் செய்யும். பகல் வெளிச்சம் பட்டால் மாமியாரின் கன்னத்தில் பச்சை ஏறும்.

மாமனார் படங்களோடு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இங்கயே பாருங்க மாமா, வெயில் கண்ணு கூசும்." சொல்லிக்கொண்டே இவர் திரையை இழுத்துவிட்டார்.

சகலை திரையைப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான்.

"பெரிய மாப்பிள்ளை போட்டதுல முகம் துலக்கமா இருக்கு," என்றார் மாமனார். கூடம் இவருக்குக் கிடைத்தது.

அடுத்த முறை எல்லோரும் கூடியபோது, படம் ஜன்னலுக்கு நேர் எதிரே தொங்கியது. "அவளுக்கு வெளிச்சம்னா உசிரு," என்றார் மாமனார். பிறகு தயங்கினார். "ஆனா மாப்ளே, காலைல பாத்தா அவளுக்கு உடம்பு சரியில்லாத மாதிரியே இருக்கு. ஏன்?"

ஸ்டூடியோக்காரர் படத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெயில் நேரா அடிக்குதுல்ல மாமா, அதான்," என்று எழுந்த சகலை, தானே போய்த் திரையை மூடினான். மாமியார் மறுபடி நல்ல சாம்பல் நிறத்துக்கு வந்தார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: "தங்கச்சி வீட்டுக்காரர் எவ்வளவு நல்ல மனுஷன், பாத்தீங்களா? நீங்க முழிச்சப்ப எப்படிக் கைகொடுத்தார்!"